கைராசியும் இருபத்து நாலு வோல்ட்டும்

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கடைக்குள் நுழைகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டால் போதும். "நாந்தானுங்க மெக்கானிக். அந்தச் சுவத்துக்குப் பொறத்தால பக்கத்துக் கடை வடைச் சட்டிதானுங்க இருக்குது" என்பேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். மீதிப் பேர் கொண்டுவந்த எலக்ட்ரானிக் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். வாசலைத் தாண்டும்வரை முணுமுணுத்துவிட்டுத்தான் விடுவேன்.

நான் மடத்துக்குளத்துப் பக்கம் கரும்புக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். உடுமலைப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபோது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் மிஷின்களாக இறங்கிக்கொண்டிருந்தன. எம்பிராய்டரி மிஷின், காலர் மிஷின், கட்டிங் மிஷின். இறங்கிய வேகத்துக்குப் பழுதும் ஆயின. ஒரே ஓர் அறை எடுத்து, ஒரு மேசை போட்டு, போர்டு சரிசெய்கிற கடை வைத்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில் நான் பார்த்த மிஷின்கள் ஏராளம். அதில் ஒரு காலர் மிஷினை மட்டும் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அந்த மிஷினைச் சுற்றி இருந்த ஒவ்வொருவரிடமும் நான் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்த்தால் அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மிஷினின் முதலாளி கடைக்கு வந்த அன்று சுவரைப் பார்க்கவில்லை. அதனாலேயே அவரைப் பிடித்துப்போனது. வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, தோட்டத்து வேலையை விட்டுவிட்டு பனியன் தொழிலுக்கு வந்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து டி-ஷர்ட் காலர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் பின்னல் கண்ணி நழுவி ஒரு பொத்தல்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கப்படாதுங்க. இந்தக் கரண்டுக்கு ஆளு அடையாளம் தெரியுமுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் கம்ப்யூட்டர் காலர் மிஷின் ஒன்றே ஒன்றுதான். காலை ஷிஃப்டில் அதை ஓட்டுவது தெற்கேயிருந்து பிழைக்க வந்த ஒரு பெண். மதிய ஷிஃப்டில் சோமனூர்க்காரர் ஒருவர், தறி ஓட்டிப் பழகிய கை. நூல் அதே நூல், டிசைன் அதே டிசைன். காலையில் நெய்த காலரில் பொத்தல் விழுகிறது. மதியம் நெய்தது பூப்போல வருகிறது. அந்தப் பெண் மிஷினுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றார்.

"நல்ல புள்ளைங்க. ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஆனா கைராசி இல்லீங்களே, என்ன பண்றது? இந்த வாரத்தோட செக்கிங் டேபிளுக்கு மாத்தீரலாம்னு ஊட்டுல சொல்றாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

எனக்கு சுருக்கென்று கோபம் ஏறியது. "ஏனுங்க, கம்ப்யூட்டர் மிஷின வாங்கி வெச்சுக்கிட்டு கைராசி பாக்கறீங்களே, ராகு காலத்துல கரண்டு வருதான்னும் பாப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "திட்டுங்க, பரவால்ல. வந்து பாத்துட்டுத் திட்டுங்க" என்றார். இன்றைக்கு நினைத்தால், அந்த 'மனசு கேக்கல' என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. ஊரில் எத்தனையோ முதலாளிகள் மனசைக் கேட்காமலே ஆளை மாற்றிவிடுவார்கள். இவர் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வந்து, திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வேலைக்காரிக்காகக் கேட்டு நின்றார். அவருக்கு நான் கடமைப்பட்டவள்தான்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனேன். தகரக் கூரை, நூல் தூசு, ரேடியோவில் பாட்டு. அந்தப் பெண் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நான் போனதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பேசும்போதுகூட கையை முன்னால் கொண்டுவரவில்லை.

"எந்த ஊரு கண்ணு?" என்றேன்.

"சாத்தான்குளத்துப் பக்கம்க்கா."

"பொத்தல் எப்ப விழுது?"

"எப்பன்னு இல்லக்கா. அது பாட்டுக்கு விழுது. எல்லாரும் என் கைதான்னு சொல்லுதாவ. எனக்கும் இப்ப அப்படித்தான் தோணுது. சர்ச்சுல பாஸ்டர் அதெல்லாம் நம்பக் கூடாதுன்னு சொல்லுதாரு. ஆனா மனசு கேக்கணும்லா? பக்கத்து வீட்டுல பிள்ள பொறந்திருக்கு. நான் போயிப் பாத்தேன், தூக்கல."

அவள் நூல் வெட்டுகிற வேலையில் சேர்ந்து, மடிப்பு வேலைக்கு வந்து, மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் மிஷினின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஆபரேட்டர் ஆனவள். அந்த ஷெட்டில் அந்த மிஷினைத் தொட்ட முதல் பெண். துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளுக்குப் போனால் சம்பளம் குறையும் என்பது இருக்கட்டும். 'ராசியில்லாத கை' என்ற பேரோடு போனால் அந்தப் பேர் அவளோடு குடியிருக்கிற லைன் வீட்டுக்கும் போகும், அடுத்த கம்பெனிக்கும் போகும். போய்க்கொண்டும் இருந்தது.

மிஷினின் பின்மூடியைக் கழற்றினேன். காலர் மிஷினில் வரிசையாக ஊசிகள். அவற்றின் மேல் 'கேரேஜ்' என்கிற தலைப்பகுதி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடும். எந்த ஊசி எழ வேண்டும் என்று சின்னச் சின்னக் காந்தங்கள் தீர்மானிக்கும். அந்தக் காந்தங்களுக்கெல்லாம் இருபத்து நாலு வோல்ட் கொடுக்க ஒரு பவர் சப்ளை. அதைப் பார்த்ததுமே எனக்கு மூக்கு வேர்த்தது. மிஷினோடு வந்தது அல்ல. உள்ளூரில் செய்தது.

"இது எப்பங்க மாத்துனீங்க?"

முதலாளி யோசித்தார். "பழசு பொகஞ்சு போச்சுங்க. அந்தப் புள்ள இந்த மிஷினுக்கு வந்தப்பத்தான்... ஆமாங்க, அந்த வாரந்தான்."

சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி நின்றார். பிறகு, "ஆனா லைட்டெல்லாம் எரியுதுங்களே அம்மணி. மிஷின் ஓடுதே" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருபத்து நாலு. ஆடாமல் அசையாமல் இருபத்து நாலு. அவர் என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தீங்களா, கரண்டு மேல குத்தமில்ல, என்று எழுதியிருந்தது.

அவருக்குப் புரிகிற மாதிரி கல்யாணப் பந்தியைச் சொன்னேன். சாதம் பரிமாறுகிறவர் இருக்கிறார். எல்லோரும் மெதுவாகச் சாப்பிடுகிற வரைக்கும் அவர் கெட்டிக்காரர் மாதிரிதான் தெரிவார். திடீரென்று ஒரு வரிசை முழுக்க, 'இங்க சாதம்!' என்று ஒரே நேரத்தில் கூப்பிட்டால்தான் தெரியும் அவர் வேகம். அவர் கேட்டு, திரும்பி, வாளியோடு வந்து சேர்வதற்குள் கோபக்காரர் யாராவது இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். கேரேஜ் கோடியில் திரும்புகிறபோது அத்தனை காந்தங்களும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் கரண்டு கேட்கின்றன. இந்த சப்ளை சோம்பேறிப் பரிமாறுபவர். அது திரும்பிப் பார்ப்பதற்குள் வோல்ட் பள்ளத்தில் விழுந்து எழுந்துவிடுகிறது. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரத்து ஊசி ஒன்று எழாமல் போய் அங்கே பொத்தல் விழுகிறது. மீட்டர் நிதானமாகச் சராசரி பார்த்துச் சொல்கிற ஆள். கண்ணிமைப்பு அதற்குத் தெரியாது.

"அப்ப அந்த சோமனூர்க்காரர் கையில மட்டும் எப்பிடிங்க பரிமாறுது?" என்றார் முதலாளி.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் கோபம் வந்தது.

அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்க்க ஸ்கோப் வேண்டும். ஒவ்வொரு நொடிக்குள்ளும் வோல்ட் எப்படி ஆடுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிற கருவி. என்னிடம் இல்லை. படித்த பாலிடெக்னிக்குக்கே போய் நின்றேன். லேப் பொறுப்பாளர், நான் படித்த காலத்தில் என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பவர். கேள்வி அதிகம் கேட்கிறேன் என்று. முழுக் கதையையும் சொன்னதும் பழைய ஸ்கோப் ஒன்றை எடுத்து, தூசு தட்டி, பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தார். "உடைச்சுப்போட்டீன்னா இந்தப் பக்கமே வராத" என்றார். அவரிடமிருந்து அதைவிட அன்பான வார்த்தை நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "அது என்னங்க, டிவியா?" என்றார். "ஆமாங்க. ஒரே சேனல்தான் வரும்" என்றேன். லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார்.

காலை ஷிஃப்டில் ஸ்கோப்பை மாட்டினேன். அவள் மிஷினை ஓட்டினாள். ஒவ்வொரு முறை கேரேஜ் திரும்பும்போதும் திரையில் கோடு கிணற்றில் கல் விழுந்த மாதிரி உள்ளே போய் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா கண்ணு? கை இல்ல, இதுதான்!" என்று கத்தினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

மதியம் சோமனூர்க்காரர் வந்தார். அதே மிஷின், அதே சப்ளை. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் பள்ளமே இல்லை. லேசான ஒரு நெளிவு, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அடக் கடவுளே, கரண்டுக்கு ஆள் அடையாளம் தெரிகிறதா என்ன? படித்த படிப்பெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துபோனார். அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு போய்விட்டாள்.

நான் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நெளிவுக்கும் நெளிவுக்கும் நடுவில் இடைவெளி, காலையில் பார்த்ததைவிட நன்றாக நீண்டிருந்தது. அப்படியென்றால் கேரேஜ் மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடினால் காந்தங்கள் அவசரமாகக் கரண்டு கேட்காது. சோம்பேறிப் பரிமாறுபவருக்கும் அந்த வேகம் போதும்.

டீ நேரத்தில் சோமனூர்க்காரரைப் பிடித்தேன். "ஏனுங்கண்ணா, ஸ்பீட எவ்வளவு எறக்கி வெச்சிருக்கீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க அம்மணி. அந்தப் புள்ள மிஷினுக்கு வந்த வாரமே எனக்கும் பொத்தல் விழுந்துச்சுங்க. தறியில நூல் அறுந்தா நிதானமாத்தானே ஓட்டுவோம், அந்தப் பழக்கத்துல எறக்கிப் பாத்தேன். நின்னுபோச்சு. ஷிஃப்ட் மாத்தும்போது பழையபடி ஏத்தி வெச்சுருவேன். எறக்கறேன்னு தெரிஞ்சா மொதலாளி வைவாருங்க."

"காலர் எண்ணிக்கை கொறையறது தெரியாதுங்களா அவருக்கு?"

"நான் டீக்கு அதிகமாப் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காருங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த டீயை வாங்கி அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். அவள் முதலாளி சொன்ன ஸ்பீடில், சொன்னபடி ஓட்டினாள். அதற்குக் கிடைத்த பேர் ராசியில்லாதவள். இவர் திருட்டுத்தனமாக இறக்கி ஓட்டினார். இவருக்குப் பூப்போல வருகிற கை. "அந்தப் புள்ள பக்கத்து வீட்டுக் கொழந்தையத் தூக்கறதில்லையாமுங்க. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

நான் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் சோமனூர்க்காரரே எனக்கு முன்னால் உள்ளே போய், முதலாளியையும் கூப்பிட்டு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஸ்பீடை ஏற்றினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் காலர் பட்டை இறங்கியது. முதல் காலரிலேயே பொத்தல். "பாருங்க. எங்கையிலயும் அதேதானுங்க" என்றார். முதலாளி கோபத்தில் என்னவெல்லாமோ சொன்னார். அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார் மனிதர். வேலை போயிருந்தாலும் போயிருக்கும். அதைத் தெரிந்துதான் செய்தார். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே வடிந்துவிட்டது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே முடிகிறது! மறுநாள் போனால் மிஷின் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. வாசலில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடக்கிறது. முதலாளியின் வீட்டம்மா என்னிடம் ரொம்ப மரியாதையாகவே விளக்கினார். "அவ கை பட்டுப்பட்டு மிஷினுக்கே தோஷம் ஒட்டிக்கிச்சுங்க அம்மணி. அதனாலதான் இப்ப அவரு கையிலயும் பொத்தல் விழுது." இதற்கு மேல் விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது.

முதலாளிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க சொல்றது எனக்குப் பாதி புரியுதுங்க. ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க. நீங்க சரி பண்ணிக் குடுங்க. அந்தப் புள்ளையே ஓட்டட்டும், முழு ஸ்பீடுல. சுத்தமா வந்துச்சுன்னா மிஷின் அவளோடது, எவனும் பேசப்படாது. இல்லீன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

புது சப்ளை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மாடல் மிஷினுக்குப் பொருந்துகிற சப்ளை கடல் தாண்டி வர வேண்டும். காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. இருக்கிற சோம்பேறியைத்தான் சுறுசுறுப்பாக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். பெரிய பெரிய கெப்பாசிட்டர்களாகச் சேர்த்தேன். பரிமாறுபவர் தாமதமாக வந்தாலும் சமாளிக்கலாம் என்று இலைக்குப் பக்கத்திலேயே அண்டா அண்டாவாகச் சாதம் வைக்கிற வேலை. பள்ளம் குறைந்தது. ஆனால் அந்த நாட்களில் ஈ.பி. கரண்டு நினைத்தபோது போகும், ஜெனரேட்டருக்கு மாறும். மாறியபோது அத்தனை அண்டாவையும் ஒரே மூச்சில் நிரப்ப முடியாமல் சப்ளை 'டிக் டிக்' என்று மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மிஷின் கிளம்பவே இல்லை. வீட்டம்மா எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

அப்புறம் சப்ளையைப் பிரித்தேன். உள்ளே கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றும் மிளகளவு கெப்பாசிட்டர் ஒன்றும் இருக்கும். வோல்ட் குறைந்தால் எவ்வளவு அவசரமாகத் திருத்த வேண்டும் என்று தீர்மானிப்பது அவைதான். அவற்றை மாற்றி, அவசரத்தைக் கூட்டினேன். கூட்டிவிட்டேன் என்றால், என் குணத்தைக் கொண்டுபோய் அதற்குள் வைத்த மாதிரி கூட்டிவிட்டேன். இலையில் சாதம் குறைகிற மாதிரி இருந்தாலே வாளியோடு கொட்டுவது, அய்யோ அதிகமாகிவிட்டதே என்று அள்ளுவது, மறுபடியும் கொட்டுவது. வோல்ட் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. சப்ளை கீச்சென்று கத்த ஆரம்பித்தது. "மிஷின் அழுகுதுங்க" என்றார் முதலாளி. தொட்டுப் பார்த்தால் சுட்டது. அணைத்துவிட்டேன்.

அன்று அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விட்டுருங்கக்கா. எனக்காவ எத்தன நாளு கடைய அடச்சுட்டு வாரீக. நான் செக்கிங் டேபிளுக்கே போயிருதேன்" என்றாள். "வாய மூடு. உனக்காக இல்ல, எனக்கு ரோஷமா இருக்குது" என்றேன். அது பாதிப் பொய். அவளுக்காகத்தான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் முதன்முறையாக அவள் கையை முழுசாகப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த தழும்பு. மறுபேச்சுப் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. இந்த சப்ளை வோல்ட் எவ்வளவு என்று எங்கே பார்க்கிறது? தன் வாசலிலேயே பார்க்கிறது. கேரேஜ் இருப்பதோ நீளமான வயருக்கு அந்தக் கோடியில். பரிமாறுபவர் தன் வாளியைப் பார்த்துவிட்டு 'சாதம் நிறைய இருக்கிறதே' என்று நிற்கிறார். இலையை யார் பார்ப்பது? கேரேஜ் பக்கத்துப் போர்டிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை முறுக்கிக் கொண்டுவந்து, இலையைப் பார்த்தே பரிமாறுகிற மாதிரி இணைத்தேன். அந்தப் போர்டிலேயே தரமான சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று மட்டும் வைத்தேன். அண்டா வேண்டாம், ஒரு கிண்ணம் போதும். அவசரத்தையும் பாதியாகக் குறைத்தேன். ஸ்கோப்பில் பார்த்தால், கேரேஜ் திரும்பும்போது கோடு லேசாகக் குனிந்தது, ஒரே எட்டில் நிமிர்ந்தது, துள்ளாமல் நின்றது. அதைவிட அழகான கோடு எதையும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எல்லோரும் வந்து நின்றார்கள். முதலாளி, வீட்டம்மா, ஷிஃப்ட் இல்லாதபோதும் வந்த சோமனூர்க்காரர். அவளோ மிஷினுக்குப் பக்கத்தில் வரவே இல்லை. "அக்கா, மொதத் தடவ நீங்க அமுக்குங்களேன். இன்னொருக்கா பொத்தல் விழுந்துச்சுன்னா நான் ஊரப் பாக்கப் போயிருவேன்" என்றாள்.

"நான் அமுக்கி ஓடுச்சுன்னா என் கைன்னு சொல்லிப்போடுவாங்க. வா இங்க. நீதான் ஓட்டோணும்" என்று அதட்டினேன்.

"ஏசப்பா" என்று முணுமுணுத்துவிட்டு வந்தாள். ஸ்பீடை முழுசாக ஏற்றினாள். பட்டனை அமுக்கினாள். கேரேஜ் போனது, திரும்பியது, போனது. காலர் பட்டை கீழே இறங்க இறங்க முதலாளி அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நடுவில் ஈ.பி. போனது, ஜெனரேட்டர் வந்தது, மிஷின் சமர்த்தாகக் கிளம்பியது. பட்டை அவர் காலடியில் குவிந்துகொண்டே போனது. கடைசியில் அவர், "ஒண்ணுமில்லீங்க. சுத்தமா இருக்குது" என்றார். வீட்டம்மா தாமும் வாங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். சோமனூர்க்காரர் வெளியே போய் எல்லோருக்கும் டீ சொன்னார். அந்தப் பெண் மட்டும் மிஷினை விட்டு நகரவில்லை. கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். அழுகிறேன் என்று எனக்கே கோபமாக வந்தது.

மிஷின் அவளோடதே ஆனது. நல்ல உழைப்பு, நல்ல சரக்கு. சில மாதங்களில் முதலாளி இரண்டாவது மிஷின் இறக்கினார். பூஜைக்கு வரச் சொல்லி வீட்டம்மாவே என் கடைக்கு வந்து அழைத்தார். போனேன். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் முடிந்தது. யாராவது ஒருத்தர் தொடங்கி வைக்கலாம் என்றார் ஐயர். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி ஓரமாக நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நீ வா கண்ணு. நீ தொட்டதுக்கப்பறந்தான் எல்லாம் நல்லா நடக்குது. கைராசியான புள்ள. நீயே ஆரம்பிச்சு வெய்யி."

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. வீட்டம்மாதான் முதலில் கைதட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. எந்த வாய் ராசியில்லை என்றதோ அந்த வாயாலேயே ராசி என்று சொல்ல வைத்தாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"மொதலாளி, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. ராசின்னு மட்டும் சொல்லாதீங்க. ராசின்னா அது ஒரு நாளு வரும், ஒரு நாளு போவும். நாளைக்கு இந்த மிஷினு மக்கர் பண்ணுச்சுன்னா மறுபடியும் என் கையத்தான பாப்பீங்க? எனக்கு ஓட்டத் தெரியும். அதச் சொல்லுங்க, போதும்."

கைதட்டல் நின்றுபோனது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் கடைக்கு வருகிறவர்கள், சரிசெய்த போர்டை வாங்கிக்கொண்டு, "உங்க கைராசிங்க அம்மணி, தொட்டா ஓடுது" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற எனக்கு, அதில் சண்டை போட ஏதாவது இருக்கிறது என்று அதுவரை தோன்றியதே இல்லை. அவளுக்கு நான் ஒரு சப்ளையைத்தான் சரிசெய்து கொடுத்தேன். அவள் எனக்குக் கொடுத்தது பெரிது. அந்த நன்றியை அவளிடம் நேரே சொன்னபோது, "என்னக்கா பெரிய வார்த்தையெல்லாம்" என்று சிரித்துத் தள்ளிவிட்டாள். நான் சொன்னது சொன்னதுதான்.

முதலாளி மீசையைத் தடவினார். கோபம் வரப்போகிறது என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாஸ்தவந்தானுங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியுமுங்க. வந்து ஓட்டுங்க" என்றார் அவளிடம்.

அவள் வந்தாள். ஸ்பீடைப் பார்த்து வைத்துக்கொண்டு, பட்டனை அமுக்கினாள்.